கோப்ரல் ஸ்ரீதரனின் மூன்றாவது போர்டு

புருஷன் சார்ஜன்ட் ஆக வேண்டும் என்று விஜயகலா மாரியம்மனுக்கு நூற்றியொரு தேங்காய் நேர்ந்துகொண்டதைக் கேட்டு, தோட்டத்து வரிசை வீடுகளான லயமே உருகிப்போனது. கட்டினால் இப்படி ஒருத்தியைக் கட்ட வேண்டும் என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். பெண்கள் தங்கள் மருமகள்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். விஜயகலா எதையும் மறுக்கவில்லை. மறுத்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் அதே லயம் அவளைக் காறித் துப்பும்.

காரணம் இதுதான். ஸ்ரீதரன் இந்தத் தடவையும் சார்ஜன்ட் ஆகாவிட்டால் வருஷக் கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான். அவனுடைய பிரிவில் அப்படி ஒரு விதி: மூன்று முறை பதவி உயர்வு போர்டுக்கு முன்னால் நின்றும் தேறாத கோப்ரலை மேலும் வைத்திருக்க மாட்டார்கள். இரண்டு முறை ஏற்கெனவே தோற்றாகிவிட்டது. விஜயகலா நேர்ந்துகொண்டதெல்லாம் அந்த மனிதன் இருக்கிற இடத்திலேயே இன்னும் பத்து வருஷம் இருந்துவிட வேண்டும் என்றுதான்.

இப்படிச் சொன்னால் ஏதோ குடிகாரன், கைநீட்டுகிறவன் என்று நினைக்கத் தோன்றும். அதெல்லாம் கிடையாது. அந்தப் பாழாய்ப்போனவன் பீடிகூடப் பிடிக்க மாட்டான். குடிக்கிற புருஷனைப் பற்றி லயத்தில் நாலு பேரிடம் சொல்லி அழலாம். சோற்றுத் தட்டுக்கு இடது பக்கம் கரண்டி வை, வலது பக்கம் தண்ணீர் வை என்று பாடம் எடுக்கிற புருஷனைப் பற்றி யாரிடம் போய் அழுவது? கருவாட்டுக் குழம்பைக் கையால் பிசைந்து தின்கிற வீட்டில் எதற்கு ஐயா கரண்டி?

ஸ்ரீதரன் ஆமியில் மெஸ் வெயிட்டர். அவிசாவளையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு ஏந்திக்கொண்டிருந்தவன், சண்டை முடிந்த அடுத்த வருஷம் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தான். பயிற்சி முடிந்ததும் துப்பாக்கியைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டு மறுபடியும் தட்டைக் கொடுத்துவிட்டார்கள். பதின்மூன்று வருஷம் அதே வேலை. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் லீவில் லயத்துக்கு வந்து இறங்கும்போது பார்க்க வேண்டும், நாட்டை அவன்தான் மீட்டுக் கொடுத்தான் என்று நினைப்பீர்கள். கூடவே ஓர் ஆல்பம் வரும். அதில் முப்பத்திரண்டு படம், எல்லாவற்றிலும் பெரிய பெரிய அதிகாரிகள். இருபது படத்தில் ஸ்ரீதரன் என்று பார்த்தால் ஒரு வெள்ளைக் கையுறையும் அது பிடித்திருக்கும் தட்டும் மட்டும்தான் தெரியும். அந்தக் கையைத் தொட்டுக் காட்டி, "இது நான்" என்பான்.

லீவு நாட்களில் வீடென்று இருந்த லயத்துக் காம்பராவைச் சுற்றி வந்து ஜன்னல் கட்டையில் விரலை ஓட்டித் தூசி பார்ப்பான். பன்னிரண்டு வயது மகள் ஷாமிளாவோடு சிங்களத்தில்தான் பேசுவான். அவள் தமிழில் பதில் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். எந்த அதிகாரிக்கு முட்டை எப்படி வேக வேண்டும், எவருக்கு வயிற்றுப்புண், எவர் மனைவிக்குத் தெரியாமல் பன்றி இறைச்சி தின்கிறார் என்பதெல்லாம் விஜயகலாவுக்கு மனப்பாடம். பத்தாம் நாள் அவன் பஸ் ஏறியதும் அவள் முதல் காரியமாகக் கரண்டிகளைத் தூக்கிப் பரணில் போடுவாள். பத்து நாளே இந்தப் பாடு என்றால் வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாளும் எப்படி இருக்கும்?

விஜயகலாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்தில் பதினேழு வயதில் பால் வெட்டும் கத்தியைப் பிடித்தவள். முப்பத்துநாலாவது வயதில் கங்காணி ஆனாள். அந்த டிவிஷனில் அதற்கு முன் பெண் கங்காணி கிடையாது. முதல் நாள் காலைப் பெரட்டில், அதாவது ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கும் இடத்தில், ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் பேர்களைக் கூப்பிட்டாள், யாருக்கு எந்த மலையில் வேலை என்று சொன்னாள், சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தாள். பாலத்தடிவரை பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பாலத்தைத் தாண்டிய பிறகு வாளிகள் முட்டுகிற சத்தம் கேட்டது. முப்பத்தாறு பேரும் வந்துகொண்டிருந்தார்கள்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதை அவள் விடவில்லை. வேலையைச் சொல், திரும்பு, நட. வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாயோ, நீ கெஞ்சுகிறாய் என்று அர்த்தம். நாளைக்கு ஒருவன் மதிக்க மாட்டான். ஐந்து வருஷமாக அவள் பெரட்டிலிருந்து போகும்போது ஒரு தடவையும் கழுத்தைத் திருப்பியதில்லை. பின்னால் ஆள் சறுக்கி விழுந்தாலும் மற்றவர்கள் வந்து சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவனுக்குத் தொண்டை கிடையாது. போர்டில் அவனைத் தோற்கடித்தது அதுதான். படிப்பில் குறை சொல்ல முடியாது. படைப்பிரிவின் வரலாறு, சின்னங்களின் வரிசை, யாருக்கு எப்போது சல்யூட் என்று எதைக் கேட்டாலும் மடமடவென்று ஒப்பிப்பான். கடைசியில் எட்டுச் சிப்பாய்களை நிறுத்திவைத்து, இவர்களை நடத்திக் காட்டு என்பார்கள். அங்கேதான் ஆள் அவுட். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பதின்மூன்று வருஷம் காதோரம் குனிந்து, 'சேர், இன்னும் கொஞ்சம் சூப்?' என்று கேட்டே பழகிய குரல். முதல் போர்டில் 'சீருவென்', அதாவது நேராக நில், என்று அவன் சிங்களத்தில் கொடுத்த கட்டளையைக் கேட்டு ஒருவனும் அசையவில்லை. இரண்டாவது போர்டில் வரிசையின் ஓரத்தில் நின்றவன் என்ன சொன்னீர்கள் என்று மரியாதையாகக் கேட்டானாம். இவன் மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு தடவை சொன்னானாம். விஜயகலா அதைக் கேட்டபோது தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாவது போர்டுக்கு முன்னால் பன்னிரண்டு நாள் லீவில் வந்தான். வந்தவன் காலில் போடும் சப்பாத்தை மினுக்கினான், சட்டையை மினுக்கினான், மடிப்பு விரலை வெட்டும் அளவுக்குக் கால்சட்டையை அயர்ன் பண்ணினான். ஷாமிளாவிடம் பாடம் எழுதிய கொப்பியைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொன்னான். இரண்டு நாள் பார்த்தாள் விஜயகலா. மூன்றாம் நாள் கொப்பியைப் பிடுங்கி அலமாரிக்கு மேலே எறிந்தாள். தெரிந்ததையே தேய்த்துக்கொண்டிருந்தால் தெரியாதது எப்போது வரும் என்று கேட்டாள்.

அன்றைக்கு மழை. மழை நாளில் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்தால் பால் சிரட்டைக்குள் விழாமல் மரமெல்லாம் வழிந்துவிடும். ஆட்கள் பெரட்டுக் கொட்டகைக்குள் குந்திக்கொண்டு, மழை விடுமா, இன்றைக்குப் பேர் விழுந்து சம்பளம் கிடைக்குமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஜயகலா அவர்களில் எட்டுப் பேரை எழுப்பி வரிசையில் நிறுத்தினாள். ஸ்ரீதரனைக் கூட்டிவந்து அவர்களுக்கு முன்னால் விட்டாள். வரிசையின் முதல் ஆள் வெள்ளையம்மா. ஐம்பது வயது, வெற்றிலை வாய், தோட்டத்தில் எவருக்கும் பட்டப்பேர் வைக்கிறவள்.

ஸ்ரீதரன் நெஞ்சை நிமிர்த்தினான், வாயைத் திறந்தான். தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் அவன் சொன்னது அவனுக்கே கேட்டிருக்காது. டீ கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார் போல, எனக்குச் சீனி கூட என்றாள் வெள்ளையம்மா. கொட்டகையே சிரித்தது. விஜயகலாவும்தான் சிரித்தாள். அவளுக்கு அவன்மேல் இருந்த இளக்காரத்தை அவள் ஒருநாளும் மூடி மறைத்ததில்லை.

பிறகு அவனை ஓரமாக நிற்க வைத்துவிட்டுக் காட்டிக் கொடுத்தாள். குதிகாலில் நில்லுங்க. வயிற்றிலிருந்து சத்தம் வரட்டும். கேட்காதீங்க, சொல்லுங்க. சொன்னதும் திரும்பி நடந்துடுங்க. அவ்வளவுதான். அவள் ஒரு சத்தம் கொடுத்துத் திரும்பி நடந்தாள். எட்டுப் பேரும் மழையையும் பார்க்காமல் அவள் பின்னால் போனார்கள். ஸ்ரீதரன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"திரும்பிப் பாக்கவே கூடாதா?" என்று கேட்டான்.

"பாத்தீங்கன்னா தொலைஞ்சீங்க. பாக்கறவன் கங்காணி இல்ல, பிச்சைக்காரன்."

அதை அவன் கொப்பியில் எழுதிக்கொண்டான். எழுதினான் ஐயா, எழுதினான்; எழுதுவதற்கென்றே பிறந்தவன்.

குரல் மட்டும் வரவில்லை. அவன் வந்து ஆறு நாள் போயிற்று. ஏழாம் நாள் மழை விட்டிருந்தது. வேலை முடிந்த பிறகு விஜயகலா அவனை ஏழாம் நம்பர் மலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பாறையில் அவனை ஏற்றிவிட்டு இவள் இந்தப் பக்கம் நின்றுகொண்டாள். கத்துங்க என்றாள். அவன் கத்தியதை ஓடை விழுங்கிவிட்டது. மறுபடி கத்தச் சொன்னாள். தொண்டை கட்டுகிறது என்று சைகை காட்டினான்.

விஜயகலாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆத்திரம். மூன்று போர்டு, நூற்றியொரு தேங்காய், பரணிலிருந்து இறங்கப்போகும் கரண்டிகள் எல்லாம் சேர்ந்து வாயில் வந்தன. தட்டு ஏந்தத்தான் நீ லாயக்கு என்றாள். ஆல்பத்தில் தலையில்லாத முண்டம் என்றாள். உன் மகள் பள்ளிக்கூடத்தில் அப்பா சிப்பாய் என்று சொல்லக் கூச்சப்படுகிறாள் என்றாள். அது பொய். சொல்லும்போதே பொய் என்று அவளுக்குத் தெரியும்.

"வாய மூடுடி!"

மலை இரண்டு தடவை அதைத் திருப்பிச் சொன்னது. கீழே பால் கொட்டகையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அவளை டி போட்டது அன்றைக்குத்தான். பாறையின் மேல் நின்றபடியே அவன், கோவிச்சுக்காதே விஜயா என்று கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்டதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. மற்றபடி அந்தச் சத்தத்துக்கு அவள் மனசுக்குள் நூறு மதிப்பெண் போட்டாள். இதுதான், இதையே அங்கேயும் போடுங்க, முன்னால நிக்கிறது நான்னு நெனச்சுக்கோங்க என்றாள். மிச்ச ஐந்து நாளும் ஓடைக்கு இருபுறமும் நின்று இருவரும் கத்தினார்கள். லயத்தில் அதற்கும் ஓர் அர்த்தம் கற்பித்து, என்ன ஒற்றுமை என்றார்கள்.

போர்டு செப்டெம்பரில் நடந்தது. அன்று பகல் விஜயகலா பால் கொட்டகையில் வாளிகளை அளந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"சத்தம் வந்துச்சு, விஜயா" என்றான் ஸ்ரீதரன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ஒன் மூஞ்சிய நெனச்சுக்கிட்டேன். கிரவுண்டே அதிர்ந்துச்சு. எட்டுப் பேரும் ஒரே ஆள் மாதிரி கால எடுத்து வச்சானுங்க."

அவள் அளவுகோலைக் கீழே வைத்தாள். நூற்றியொரு தேங்காய்க்கு எந்தக் கடையில் சொல்வது என்றுகூட மனசு ஓடியது. "அப்புறம்?"

"அப்புறம் என்னா, நீ சொன்ன மாதிரியே திரும்பிப் பாக்காம நடந்தேன்."

அதற்கு மேல் அவன் சொன்னதை அவள் நின்றபடியே கேட்டாள். முன்னே நட என்று கட்டளை கொடுத்துவிட்டு அவன் முதுகைக் காட்டித் திரும்பி, அதிகாரிகளின் மேசைக்கு நடந்து, சல்யூட் அடித்து, பாராட்டை எதிர்பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்றிருக்கிறான். பெரட்டில் ஆட்கள் பின்னால் வருவது போலச் சிப்பாய்களும் தன் பின்னால் வருவார்கள் என்று நினைத்தானாம். சிப்பாய் எங்கே வருவான்? நில் என்கிறவரைக்கும் நடப்பதற்குத்தானே அவனுக்குச் சம்பளம்? மேசைக்கு முதுகு காட்டி நின்ற எட்டுப் பேரும் முகம் இருந்த எதிர்த்திசையில் நடந்தார்கள். கிரவுண்டின் கொடிக்கயிற்றை அறுத்தார்கள். பூப்பாத்தியை மிதித்தார்கள். மெஸ் சமையல் குசினியின் சுவருக்கு மூக்கு முட்ட நின்று, அப்போதும் நில் என்று சொல்ல ஆளில்லாமல், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரிகள் சிரித்த சிரிப்பில் ஒருவருக்குக் கண்ணீர் வந்துவிட்டதாம்.

சிரித்து முடித்ததும் போர்டின் தலைவர், சரி போ, போகிற வழியில் டீ சொல்லிவிட்டுப் போ என்றிருக்கிறார்.

"நானே ஊத்திக் கொண்டுபோய்க் குடுத்தேன்" என்றான் ஸ்ரீதரன். "பெரியவருக்குச் சீனி கூடாதுல்ல. புதுப் பையனுக்கு அது தெரியாது."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். விஜயகலா போனை வைத்துவிட்டாள். அவனைத் திட்ட வேண்டும் போலிருந்தது. உடம்பெல்லாம் அதற்குத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் அந்த வசவு சுற்றிவந்து, திரும்பிப் பார்க்காதே என்று சொன்னவளின் தலையில்தான் விழுந்தது. அளந்த வாளியையே மறுபடியும் அளந்தாள்.

டிசம்பர் கடைசியில் அவன் தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தான். பெட்டிக்குள் ஆல்பம், மினுக்கிய சப்பாத்து, கேம்பில் பிரியாவிடைக்குக் கொடுத்த கரண்டி செட் ஒன்று. இருபத்துநாலு கரண்டி! விஜயகலா அதைப் பார்த்துவிட்டு வெளியே போய்க் கட்டியிருந்த கூந்தலையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள்.

அவனுக்கு வேறு வேலை அகப்படவில்லை. அவிசாவளைக் கடையில், நாற்பதை நெருங்குகிற ஆளுக்குத் தட்டு எதற்கு என்றார்களாம். ஜனவரியில் தோட்டத்திலேயே பேர் பதிந்தான். பால் வெட்ட ஒரு வாரம் பழக்கிவிட்டு விஜயகலாவின் பிரிவிலேயே போட்டார்கள்.

முதல் நாள் பெரட்டு. விஜயகலா பேர்களை வாசித்தாள். கடைசிப் பேர் ஸ்ரீதரன். ஆள் குதிகால் இரண்டையும் டக்கென்று சேர்த்து நின்று, அந்த ஏழாம் நம்பர் மலைக் குரலில், "ஆஜர்!" என்றான். பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஜயகலா மலைகளைப் பிரித்துச் சொன்னாள், திரும்பினாள், நடந்தாள்.

பாலத்தடிக்கு வருமுன்பே பின்னால் சிரிப்பு கிளம்பிவிட்டது. முதலில் அடக்கிய சிரிப்பு. பிறகு வெள்ளையம்மாவின் குரல், "சீருவென்!" என்றது. அதற்குப் பிறகு அடக்கமே இல்லை. ஏதோ தாளத்தில் கால்கள் தரையில் விழுந்தன, வாளிகள் அந்தத் தாளத்துக்கு முட்டின. விஜயகலாவின் கழுத்து விறைத்தது. ஐந்து வருஷம். அவள் இன்னும் பத்தடி நடந்தாள்.

பிறகு திரும்பிப் பார்த்தாள்.

ஸ்ரீதரன் முன்னால் வந்துகொண்டிருந்தான். நெஞ்சு நிமிர்ந்து, பார்வை நேராக, ஒரு கையில் வாளியும் மறு கை தோள்வரை வீசியும், இடது வலது என்று அச்சாகக் கால் வைத்து. ஒரு கட்டளைக்குப் பின்னால் நடப்பது என்றால் அவனுக்குத் தெரிந்த நடை அது ஒன்றுதான். அவனுக்குப் பின்னால் முப்பத்தைந்து பேரும் அதே போலக் கைவீசி, உதட்டைப் பிதுக்கி, நெஞ்சைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவனுக்கு அது தெரிந்திருந்தது. காது நுனிவரை சிவந்திருந்தது. ஆனாலும் நடையை மாற்றவில்லை, தலையைத் திருப்பவில்லை. நான் சொல்லிக் கொடுத்த பாடம் என்று நினைத்தாள் விஜயகலா. அவளுக்கு வந்தது வெட்கமா, ஆத்திரமா, அந்தச் சனியன்மேல் இரக்கமா, என்ன இழவோ.

"சிரிப்ப நிறுத்துங்க!" என்றாள். அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். "அந்த ஆளக் கேலி பண்ண நான் ஒருத்தி இருக்கேன். பதினஞ்சு வருஷமா பண்றேன். அதுக்கு எனக்குக் கைத்தொண வேணாம்."

வெள்ளையம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, சரிம்மா என்றாள். சரிம்மா என்ற விதத்திலேயே தெரிந்தது, நாளைக்கு எல்லார் வாயிலும் கங்காணியம்மா திரும்பிப் பார்த்த கதைதான் இருக்கும் என்று.

பகல் பால் கொட்டகையில் ஸ்ரீதரன் கடைசியாக வந்தான். வாளியை அவளுக்கு இடது பக்கமாக, பிடி அவள் பக்கம் திரும்பும்படி பார்த்து வைத்தான். விரல்களெல்லாம் வெட்டுக் காயம். விஜயகலா அளவுகோலை வாளிக்குள் விட்டாள். தோட்டம் வைத்த கணக்குக்குக் கிட்டவே இல்லை. இவ்வளவு குறைந்தால் அரைநாள்தான் விழும், அரைப்பேர் என்பார்கள். எத்தனையோ பேருக்கு அதை அவள் மலைக்கே கேட்கும்படி சத்தமாகச் சொல்லியிருக்கிறாள்.

ஸ்ரீதரன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சூப் வேண்டுமா என்று கேட்கிற அதே பழைய குரலில், காதோரம் குனிந்து சொன்னான்.

"நீ திரும்பிப் பாத்த, விஜயா."

கேலி இல்லை. அவனுக்குக் கேலி பண்ணவும் தெரியாது. முப்பத்துநாலு வயதில் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த வாளிக்குள் கிடப்பது போல அவள் பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அரைப்பேர்தான்" என்றாள்.

தொண்டையிலிருந்து சத்தம் எழும்பவில்லை. என்ன சொன்னாய் என்று அவன் மரியாதையாகக் கேட்டான். அவள் இன்னொரு தடவை சொன்னாள்.